ஆண் பக்கக் குழந்தையின்மை: காரணத்தைக் கண்டுபிடிக்க எதை முதலில், எதை அடுத்துச் செய்வது

காரைக்குடியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். குழந்தைக்காக அலையும் தம்பதிகள் கொண்டுவரும் ஃபைலைப் பிரித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மனைவிக்கு ஸ்கேன், தைராய்டு, கருக்குழாய் எக்ஸ்ரே, சிலருக்கு லேப்ராஸ்கோப்பி வரை முடிந்திருக்கும். கணவர் பெயரில் ஒரு தாள்கூட இருக்காது.

குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. சிலருக்கு அது மட்டுமே காரணம், சிலருக்கு இரு பக்கமும். விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, செலவும் குறைவு. வலியுள்ள சோதனைகளை அந்தப் பெண் தாங்குவதற்கு முன்னால் இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். சிகிச்சை என்ன என்பதை மருத்துவர் சொல்வார். காரணம் தெரிவது வரை உள்ள வழியை மட்டும் எழுதுகிறேன்.

## 1. மாதக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

கருத்தடை எதுவும் இல்லாமல், முறையாகச் சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் ஆகியும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். அதற்கு மேல் காத்திருப்பது கருமுட்டையின் வயதை வீணாக்குவது.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பாகிறது. தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் ஆகி மூன்று வருடம் என்பார்கள். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நான்கு மாதம்கூடத் தேறாது. அந்தப் பெண்ணைப் பார்த்து வீட்டில் "மூணு வருஷம் ஆச்சே" என்று சொல்வது எந்த வகையிலும் நியாயம் இல்லை. கல்யாணத் தேதியை விட்டுவிட்டு, சேர்ந்து வாழ்ந்த மாதங்களை எண்ணுங்கள்.

கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஒரு மாதத்தில் ஆறுதான். கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை ஏறக்குறைய 14ஆம் நாள் வரும். நாள் குறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது மன உளைச்சல் தந்தால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்ந்தால் போதும், அந்த நாட்கள் தானாக அதற்குள் வந்துவிடும்.

சிலர் 12 மாதம் காத்திருக்கவே கூடாது. சிறு வயதில் விரை இறங்காமல் அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ எடுத்தவர்கள், விந்தே வெளிவராதவர்கள், சேர்க்கையே சரியாக நடக்காதவர்கள் ஆகியோர் உடனே போகலாம். கடைசியாகச் சொன்னது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் சில தம்பதிகள் அதை வாய்விட்டுச் சொல்கிறார்கள். முதல் நாளே சொன்னால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் குழந்தை இருக்கிறது, அதனால் எனக்குப் பரிசோதனை வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இடையில் எத்தனையோ மாறியிருக்கலாம்.

## 2. போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்

மருத்துவர் கேட்கும்போது பலரும் "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று முடித்துவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதினால் பல விஷயம் நினைவுக்கு வரும். காரணத்தில் பாதி இந்தத் தாளிலேயே தெரிந்துவிடுவதும் உண்டு.

முதலில் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேளுங்கள். பிறந்தபோது இரண்டு விரையும் பையில் இருந்தனவா? குழந்தையில் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்ததா? அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், எதற்கு என்று தழும்பு உள்ளவருக்கே தெரியாது. அந்த அறுவை சிகிச்சையில் விந்துக் குழாய் அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

பொன்னுக்கு வீங்கி வந்த வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளையில் வந்து போனால் பொதுவாகப் பாதிப்பு இல்லை. மீசை முளைத்த வயதுக்குப் பிறகு வந்து, விரையும் வீங்கியிருந்தால் அதை எழுதியே ஆக வேண்டும். காசநோய் வந்திருந்தாலும் அப்படித்தான். அது விந்து வரும் பாதையில் அடைப்பை உண்டாக்கக்கூடியது.

அடுத்து, கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சல். டெங்குவோ டைபாய்டோ வந்து போயிருந்தால் தேதியோடு குறியுங்கள். ஏன் மூன்று மாதம் என்பதை 6ஆம் பகுதியில் சொல்கிறேன்.

மருந்துகளைப் பெயரோடு எழுதுங்கள், அட்டையையே கையில் கொண்டுபோனாலும் சரி. சிறுநீர் எளிதாகப் போகக் கொடுக்கும் டாம்சுலோசின், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டெரைடு, குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் சல்ஃபாசலசின், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எல்லாம் விந்தையோ அது வெளிவருவதையோ பாதிக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் காட்டினால் போதும்.

ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்ட ஊசி, பவுடரோடு சேர்த்துக் கொடுத்த மாத்திரை இவற்றை மறைக்கவே கூடாது. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் உள்ளே போனால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எடுத்துக்கொண்டு விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். பார்க்க உடம்பு கட்டாக இருக்கும், விந்தணு பூஜ்யமாகக்கூட இறங்கியிருக்கும். ஊசியை நிறுத்தினால் பலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்ப வருகிறது. யாருக்கு எத்தனை மாதம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வேலையையும் எழுதுங்கள். விரைகள் உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும், அதனால்தான் அவை உடம்புக்கு வெளியே பையில் தொங்குகின்றன. விசேஷ வீடுகளில் விறகடுப்பு முன்னால் நாள் முழுக்க நிற்கும் சமையல்காரர்கள், தொலைதூரம் லாரி ஓட்டுபவர்கள், வெல்டிங் பட்டறையில் இருப்பவர்கள், வயலில் பூச்சிமருந்து அடிப்பவர்கள் இதைத் தவறாமல் சொல்லுங்கள். புகை, புகையிலை, குடி, சர்க்கரை நோய் ஆகியவையும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று. இளவயதுச் சுயஇன்பமும் தூக்கத்தில் விந்து போவதும் குழந்தையின்மைக்குக் காரணம் இல்லை. அந்தப் பயத்தை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள். லாட்ஜில் ரூம் போட்டு, மாதம் ஒரு நாள் வந்து லேகியம் விற்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு எங்களிடம் வருபவர்கள் உண்டு. அதே பணத்தில் உருப்படியாகப் பல சோதனைகள் முடிந்திருக்கும்.

## 3. முதல் தடவை இருவரும் சேர்ந்து போங்கள்

மனைவி மாமியாரோடு வருவது இங்கே வழக்கமாகிவிட்டது. கணவர் இல்லாமல் பாதிக் கதைதான் மருத்துவருக்குக் கிடைக்கும், மாமியார் முன்னால் அந்தப் பாதியும் வெளிவராது. இருவர் மட்டும் உள்ளே போங்கள். மனைவியின் சோதனைகளும் கணவரின் சோதனையும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும்.

## 4. விந்துப் பரிசோதனைக்குத் தயாராவது

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். மாதிரி சரியாக வராவிட்டால் அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் தப்பாகும்.

இடைவெளி. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள். நேற்று வெளியேறியிருந்தால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். "நிறைய சேரட்டும்" என்று இருபது நாள் இருந்துவிட்டு வந்தால் எண்ணிக்கை கூடும், பழைய அணுக்கள் தேங்கி ஓட்டம் குறைந்துவிடும். அடுத்த முறை கொடுக்கும்போதும் ஏறக்குறைய அதே இடைவெளி இருக்கட்டும், அப்போதுதான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

டப்பா. லேப் தரும் டப்பாவில் மட்டும். மருந்து பாட்டில், ஜாம் பாட்டில் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் சோப்பு ஒட்டியிருக்கும். கடையில் வாங்கும் ஆணுறையில் சேகரித்துக் கொண்டுவரக் கூடாது, அதில் உள்ள பூச்சு அணுக்களைச் செயலிழக்கச் செய்யும். எச்சில், எண்ணெய், சோப்பு, ஜெல் எதுவும் பட வேண்டாம். கையையும் உறுப்பையும் கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகு எடுங்கள்.

முழு அளவு. முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது தவறிக் கீழே சிந்திவிட்டால் மீதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். "முதல்ல கொஞ்சம் சிந்திடுச்சு" என்று கவுண்டரில் சொன்னால் போதும், எழுதிக்கொள்வோம் அல்லது வேறு நாள் வரச் சொல்வோம். சொல்லாமல் போனால் தாளில் குறைவாக விழும், அதைப் பார்த்து மாத்திரையும் ஆரம்பித்துவிடும்.

இடமும் நேரமும். லேபில் தனி அறை இருந்தால் அங்கேயே கொடுப்பது நல்லது. வீட்டில்தான் முடியும் என்றால் அரை மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு இது சாத்தியம். தேவகோட்டையிலிருந்து வண்டியில் நேராக வந்தால் சாத்தியம், பஸ்ஸுக்கு நின்றால் சந்தேகம். பொன்னமராவதியிலிருந்தோ, இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ எடுத்துப்போவது ஆகவே ஆகாது. அங்கேயே போய்க் கொடுங்கள்.

சூடும் குளிரும். ஒருவர் டிபன் கேரியரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, நடுவில் டப்பாவை வைத்து, மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில் செய்தது. கண்ணாடித் தகட்டில் பார்த்தபோது ஒரு வாலும் அசையவில்லை. மறுவாரம் லேபிலேயே கொடுத்தார், பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஐஸும் கூடாது, சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரும் கூடாது. சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு வாருங்கள்.

கவுண்டரில் சொல்ல வேண்டியவை. பெயர், எடுத்த நேரம், எத்தனை நாள் இடைவெளி, முழுவதும் வந்ததா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா. வெட்கப்பட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வேகமாக வெளியே போகிறவர்கள் நிறைய. எடுத்த நேரம் தெரியாமல் ஓட்டத்தைக் கணக்கிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

அறைக்குள் போய் முடியவில்லை என்றால் அது குறை இல்லை. பதற்றத்தில் பலருக்கும் நடப்பதுதான். சொல்லுங்கள், மனைவியை உடன் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் வேறு நாள் தருவார்கள். அணுக்களைப் பாதிக்காத தனி வகை உறைகளும் இருக்கின்றன, அதை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

## 5. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

எண்களைப் பார்ப்பதற்கு முன், தாளில் இடைவெளி நாட்கள், எடுத்த நேரம், பரிசோதித்த நேரம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை:

- அளவு: 1.4 மில்லி
- ஒரு மில்லியில் அணுக்கள்: 16 மில்லியன், அதாவது 1.6 கோடி
- மொத்த அணுக்கள்: 39 மில்லியன், அதாவது 3.9 கோடி
- மொத்த ஓட்டம் (அசைபவை எல்லாம் சேர்த்து): 42 சதவீதம்
- முன்னோக்கி ஓடுபவை: 30 சதவீதம்
- உயிருள்ளவை: 54 சதவீதம்
- சரியான வடிவம்: 4 சதவீதம்

சில லேப் தாள்களில் 2010 பதிப்பின் எண்கள், அதாவது 15 மில்லியன், 40 சதவீதம், 32 சதவீதம் என்று இருக்கும். வித்தியாசம் சிறியது, அதற்காகக் குழம்ப வேண்டாம்.

இந்த எல்லைகள் பாஸ் மார்க் கிடையாது. முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் விந்தைச் சோதித்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எந்த எண்ணில் நிற்கிறார்கள் என்று பார்த்து எடுத்தவை. இதற்குக் கீழே இருந்தவர்களுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு உத்தரவாதமும் இல்லை.

பெரும்பாலோர் "கவுண்ட்" என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம், இருவருக்கும் மில்லிக்கு 12 மில்லியன், எல்லைக்குக் கீழே. முதலாமவருக்கு 2 மில்லி வந்தது, மொத்தம் 24 மில்லியன். அடுத்தவருக்கு 4 மில்லி, மொத்தம் 48 மில்லியன். இரண்டாமவரின் மொத்தம் எல்லையைத் தாண்டிவிட்டது. அளவையும் அடர்த்தியையும் பெருக்கிப் பாருங்கள், அப்புறம் ஓட்டத்தைப் பாருங்கள்.

வடிவம் 4 சதவீதம் என்பதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. நல்ல ஆரோக்கியமான ஆணுக்கும் பெரும்பாலான அணுக்களின் தலையோ வாலோ அச்சில் வார்த்தது மாதிரி இருக்காது. மீதி 96 சதவீதமும் ஊனம், பிறக்கும் பிள்ளைக்கும் குறை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"பஸ் செல்ஸ்" என்று எழுதியிருந்தாலே சீழ், தொற்று என்று ஆன்டிபயாடிக் வாங்கிவிடுகிறார்கள். உருண்டையாகத் தெரியும் எல்லாச் செல்லும் வெள்ளணுக்கள் இல்லை. முதிராத விந்துச் செல்களும் அப்படித்தான் தெரியும். சாயம் போட்டுப் பிரித்துப் பார்த்து, வெள்ளணுக்கள் மில்லிக்கு 1 மில்லியனுக்கு மேல் இருந்தால்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

தாளில் வரும் பெரிய பெயர்கள் நோயின் பெயர்கள் இல்லை. ஒலிகோ என்றால் எண்ணிக்கை குறைவு, அஸ்தினோ என்றால் ஓட்டம் குறைவு, டெரட்டோ என்றால் வடிவக் கோளாறு, ஏசூஸ்பெர்மியா என்றால் அணுவே இல்லை. என்ன தெரிகிறது என்று மட்டும்தான் அவை சொல்கின்றன. ஏன் என்பதற்கு இனிமேல்தான் தேட வேண்டும்.

## 6. ஒரே தாளை நம்பாதீர்கள்

ஒரே மனிதரின் விந்தே மாதத்துக்கு மாதம் மாறும். குறைவாக வந்தால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 70 முதல் 75 நாள் ஆகிறது, அது குழாயில் முதிர்ந்து வெளியே வர மேலும் சில நாள். இன்று தகட்டில் தெரிவது மூன்று மாதத்துக்கு முன் உருவாகத் தொடங்கியது. அப்போது கடும் காய்ச்சல் வந்திருந்தால் இன்றைக்குக் குறைவாகத் தெரியும். புகையையும் குடியையும் நிறுத்தியவர்கள் பத்து நாளில் திரும்பப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று சோர்வதும் இதனால்தான்.

அணுவே இல்லை அல்லது மிக மிகக் குறைவு என்று வந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். சீக்கிரமே மறுபடி கொடுங்கள். அப்போது மாதிரியை மையவிலக்கில் சுழற்றி, அடியில் படிந்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலோட்டமாகப் பார்த்து இல்லை என்றவர்களுக்குச் சில சமயம் அடியில் இருக்கும். ஒன்றிரண்டு கிடைத்தாலும் சிகிச்சையின் பாதையே மாறிவிடும்.

## 7. மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்

இரண்டாவது ரிப்போர்ட்டும் குறைவு என்றால் யூராலஜிஸ்ட் எனப்படும் சிறுநீர்ப்பாதை நிபுணரையோ ஆண் மலட்டுத்தன்மைக்கான ஆண்ட்ராலஜிஸ்டையோ பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் யூராலஜி துறை இருக்கிறது. தனியாரிடம் போனாலும் இந்தத் துறையில் தேர்ந்தவரா என்று கேட்டுப் போங்கள்.

அவர் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்ப்பார். விரையின் அளவும் உறுதியும் எவ்வளவு, விந்துக் குழாய் இரண்டு பக்கமும் கையில் தட்டுப்படுகிறதா, மூச்சை அடக்கி முக்கும்போது விரைப்பையில் ரத்த நாளம் புடைக்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரியும். பிறவியிலேயே விந்துக் குழாய் இல்லாதவர்களை இந்த ஐந்து நிமிடம் கண்டுபிடித்துவிடும். நேராக ஸ்கேனுக்குப் போனவர்களுக்கு அது தவறிப்போவது உண்டு. வெட்கத்தால் இதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

இப்படிப் புடைக்கும் ரத்த நாளச் சுருள்தான் வேரிகோசில், பெரும்பாலும் இடப்பக்கம். எல்லா ஆண்களிலும் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது, குழந்தையின்மைக்காக வருபவர்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு. சரிசெய்யக்கூடிய காரணங்களில் இதுதான் அதிகம் காணப்படுவது. ஆனால் இது இருந்தும் தந்தையானவர்கள் ஏராளம். கையில் தட்டுப்பட வேண்டும், விந்து ரிப்போர்ட்டும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு. ஸ்கேனில் மட்டும் தெரிகிற சிறிய புடைப்புக்குக் கத்தி வைக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தொடும்போது கல் மாதிரிக் கெட்டியான கட்டி இருந்தால் அதை அன்றைக்கே கவனிக்க வேண்டும். விந்தில் குறை உள்ளவர்களுக்கு விரைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம்.

## 8. ரத்தம்: காலையில், வெறும் வயிற்றில்

எஃப்.எஸ்.எச், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இரண்டும் முதலில். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கொடுத்து, குறைவு என்று வந்து கலங்கியவர்கள் உண்டு. குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் திரும்பப் பார்த்து, எல்.எச், புரோலாக்டின் என்ற ஹார்மோன்களையும் சேர்ப்பார்கள்.

எஃப்.எஸ்.எச் என்பது விரைகளை வேலை செய்யச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் உத்தரவு. அது மிகவும் அதிகமாக இருந்து விரையும் சிறியதாக இருந்தால், உத்தரவு போகிறது, உற்பத்தி நடக்கவில்லை என்று பொருள். எஃப்.எஸ்.எச், எல்.எச், டெஸ்டோஸ்டிரோன் மூன்றுமே குறைவு என்றால் உத்தரவே போகவில்லை. இது அரிது, ஆனால் அந்த உத்தரவு ஹார்மோன்களின் ஊசியால் (டெஸ்டோஸ்டிரோன் ஊசி இல்லை) நன்றாகக் குணமாகக்கூடிய வகை. இவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாது. மல்லிகைப்பூ மணமோ தாளிக்கும் வாசமோ தெரியாதவர் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

விரை அளவும் எஃப்.எஸ்.எச்சும் இயல்பாக இருந்து அணு மட்டும் இல்லை என்றால், வழியில் அடைப்பு இருக்கலாம்.

## 9. அணுவே இல்லை என்று உறுதியானால்

இந்த நாளில் பலர் உடைந்துபோகிறார்கள். ஆனால் இந்த ஒரு வரிக்குப் பின்னால் இரண்டு வேறு நிலைமைகள் இருக்கின்றன. உற்பத்தி நடந்தும் வெளியே வர வழியில்லாதது ஒன்று, உற்பத்தியே இல்லாதது மற்றொன்று. எது என்று தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுப் பயன் இல்லை.

விந்தின் அளவும் குறைவாக, புளிப்புத் தன்மையோடு, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லாமல் இருந்தால் பாதையின் முடிவில் அடைப்போ, குழாய் பிறவியிலேயே இல்லாததோ காரணமாகலாம். குழாய் இல்லாதவர்களுக்குச் சி.எஃப்.டி.ஆர் என்ற மரபணுவைப் பார்க்க வேண்டும். அதில் மாற்றம் இருந்தால் மனைவிக்கும் அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி. இருவரிடமும் மாற்றம் இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நுரையீரல் நோய் வரலாம்.

உச்சம் வருகிறது, விந்து சொட்டுக்கூட வரவில்லை அல்லது மிகக் குறைவு என்பவர்கள் அடுத்து போகும் சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்கும் விந்து முன்னால் வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது உண்டு. எளிய சோதனை, பலரும் மறந்துவிடுவது.

உற்பத்தியே குறைவு என்று தோன்றினால் மரபணுச் சோதனைகள். அணு இல்லாதவர்களுக்கும், மில்லிக்கு 5 மில்லியனுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் குரோமோசோம் பார்ப்பார்கள். ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை இதில்தான் தெரியும். அவர்களிலும் கணிசமான பேருக்கு விரையிலிருந்து நுண்ணோக்கி வைத்து அணு எடுக்க முடிகிறது. ஒய் குரோமோசோமில் சிறு பகுதிகள் விடுபட்டிருக்கின்றனவா என்பது அடுத்த சோதனை. ஏ அல்லது பி பகுதி முழுவதும் இல்லை என்றால் விரையைத் திறந்து தேடுவதில் பயன் இருக்காது, அறுவை சிகிச்சையின் வலியும் செலவும் மிச்சம். சி பகுதி மட்டும் என்றால் அணு கிடைக்கலாம், ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும்.

இந்தச் சோதனைகளுக்கு முன்னாலேயே "பயாப்சி எடுத்துடலாம்", அதாவது விரையிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கலாம் என்று அவசரப்படுத்தினால் ஒரு கேள்வி கேளுங்கள்: அணு கிடைத்தால் அன்றைக்கே உறையவைத்துச் சேமிக்க முடியுமா? முடியாது என்றால், வெறுமனே பார்ப்பதற்காக மட்டும் ஒரு முறை, எடுப்பதற்காக இன்னொரு முறை என்று விரையை இரண்டு தடவை திறக்க வேண்டிவரும்.

## 10. முதலிலேயே தேவைப்படாதவை

எல்லாம் பார்த்தும் 30 முதல் 40 சதவீதம் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் தேவையில்லாத செலவுகள் நுழைகின்றன.

விந்தணுவின் டி.என்.ஏ சிதைவுச் சோதனை முதல் சுற்றில் வேண்டாம். கரு மீண்டும் மீண்டும் கலைந்தால் அப்போது கேட்கலாம். சத்து மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டே மனைவியின் வயதைக் கடத்தாதீர்கள். குழந்தை வேண்டும் என்கிற ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ எழுதிக்கொடுத்தால், "இது அணுவைக் குறைக்காதா டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். குறைக்கும்.

## 11. வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவைப் பிரிப்பது

ஊருக்கு வந்து, கோயில், விசேஷம், சொந்தக்காரர் வீடு என்று சுற்றிவிட்டுக் கடைசி வாரம் லேபுக்கு வருகிறார்கள். மறுபரிசோதனைக்கு நேரமே இருக்காது.

முதல் விந்துப் பரிசோதனையை வேலை பார்க்கும் ஊரிலேயே, லீவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் முடித்துவிடுங்கள். ரிப்போர்ட்டோடு வந்தால், இங்கே முதல் வாரத்தில் கொடுப்பது இரண்டாவது சோதனை ஆகிவிடும். அதே வாரத்தில் மருத்துவர் பார்த்து, காலை ரத்தமும் முடியும். மரபணுச் சோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதற்கான ரத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனைவிக்கு இங்கே சிகிச்சை தொடரப்போகிறது, நீங்கள் திரும்பிப் போக வேண்டும் என்றால், போவதற்கு முன் விந்தை உறையவைத்துச் சேமிப்பது பற்றிக் கேளுங்கள். அந்த மையம் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சேமிப்புக் கட்டணத்தை எந்தத் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பதை மனைவியின் ஃபைலிலும் உங்கள் போனிலும் எழுதி வையுங்கள்.